அருவி ஸ்கிரீன்

இல்லை. மறுபடியும் எல்எஸ் அடிக்கிறேன், மறுபடியும் அதே பாட்டுகள்தான் வரிசையாக வருகின்றன, சித்தப்பா காரில் போட்டுக் கேட்க ஏற்றி வைத்திருக்கும் பழைய பாட்டுகள், வேறு ஒன்றும் இல்லை, பிரகாசியம்மா இல்லை, அவள் பெட்டி இல்லை, கோயில் இல்லை, கல்லறைத் தோட்டம் இல்லை. இந்த போல்டரில் என்ன கிடக்கிறது என்று கேட்டால் சொல்வதுதான் எல்எஸ்ஸின் வேலை. நான் கேட்டேன், அது சொல்லிவிட்டது, அதன் மேல் குற்றம் சொல்ல முடியாது, அதுதான் இன்னும் எரிச்சல். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மினுக் மினுக் என்று நிற்கிறது, அடுத்து என்ன என்று கேட்பதைப் போல. அடுத்து என்னவா, அதை நீ சொல்லு. "முடிஞ்சுதா மக்கா?" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து ததேயுஸ் அண்ணன் கேட்கிறார். பிளாஸ்டிக் நாற்காலியில் முட்டியை ஒட்டிவைத்து உட்கார்ந்திருக்கிறார், ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிவிட்டு இருப்பவர் மாதிரி. செத்துப்போன பிரகாசியம்மாவின் மகன். கப்பலில் வேலை. அம்மா அடக்கத்துக்கு வர முடியாமல் போனவர், இப்போது வந்து, கல்லறையில் மெழுகுவத்தி வைத்துவிட்டு, சாயங்காலம் திருவனந்தபுரத்துக்குக் கார் ஏறினால் மறுபடி கடலுக்கே போய்விடுவார். போகும்போது அடக்க வீடியோவை பென்டிரைவில் வாங்கிக்கொண்டு போக இந்த ஸ்டுடியோவில் வந்து உட்கார்ந்திருக்கிறார். "காப்பி ஆயிட்டு இரிக்குண்ணே" என்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. காப்பி ஆக வேண்டுமென்றால் முதலில் ஏதாவது இருக்க வேண்டும்.

இந்தச் சனியனை யார் போடச் சொன்னது? நான்தான். சித்தப்பாவின் கம்ப்யூட்டர் விண்டோஸில் செத்துக்கொண்டிருந்தது, ஆன் பண்ணிவிட்டுக் கடையைப் பெருக்கி, கல்யாண ஆல்பத்துக்குப் பசை தடவி, டீ குடித்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். லினக்ஸ் போடுவோம் சித்தப்பா, ஓசி, வைரஸ் வராது, பழைய மிஷினில் பறக்கும் என்று நான்தான் சொன்னேன். வீடியோவில் ஒருத்தன் சொன்னான், நான் அப்படியே சொன்னேன். அவன் ஒன்றைச் சொல்லவில்லை. இருக்கிறதிலேயே லேசானது எது என்று தேடிப் பிடித்துப் போட்டால், அதில் கிளிக் பண்ண ஒன்றுமே இருக்காது, எல்லாவற்றையும் டைப் அடித்துத்தான் கேட்க வேண்டும் என்பதை. முதல் நாள் பாஸ்வேர்டு கேட்டது. அடித்தால் ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு போச்சு என்று நினைத்து, கழற்றி மாட்டி, கவிழ்த்துத் தட்டி, அதிலிருந்து கொட்டின மிக்சர் தூளையெல்லாம் துடைத்துவிட்டு மறுபடி அடித்தேன், அப்போதும் விழவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, விழாதாம், ஆனால் அதற்கு எல்லாம் கேட்குமாம். தலையை ஆட்டக்கூடவா கூடாது? எங்கள் அம்மா இப்படித்தான், நான் பிளஸ் ஒன்னோடு போதும் என்று சொன்ன நாளிலிருந்து. நான் பேசுவேன், அவள் அரிசி களைந்துகொண்டே இருப்பாள், கேட்கிறாளா இல்லையா என்று தெரியாது, சாப்பாட்டுத் தட்டு மட்டும் சரியாக வந்துவிடும். ஏன் படிப்பை விட்டாய் என்று எல்லோரும் கேட்டார்கள். பள்ளிக்கூட லேபில் கம்ப்யூட்டருக்கெல்லாம் பச்சைத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள், துணியைத் தூக்கிப் பார்த்ததற்கு என்னை வெளியே நிற்க வைத்தார்கள், புரோகிராமை நோட்டில் எழுதச் சொன்னார்கள், சிவப்பு மையில் கோடு போட்டு. நான் போர்த்தாத கம்ப்யூட்டர் இருக்கிற இடத்துக்கு வந்துவிட்டேன், அவ்வளவுதான். வந்து என்ன கிழித்தேன் என்பதுதான் இப்போது பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

நிதானமாக யோசி ஜெபிஷா. காலையில் என்ன பண்ணினாய்? விண்டோஸில் பென்டிரைவைக் குத்தினால் டொய்ங் என்று ஒரு சத்தம் வரும், விருந்துக்கு வந்த ஆள் மாதிரி அதுவே பேர் சொல்லிக்கொண்டு வந்து நிற்கும். இதில் அதெல்லாம் கிடையாது. நாம்தான் ஒரு காலி போல்டர் செய்து, பென்டிரைவை அதன் மேல் கொண்டுபோய் மாட்ட வேண்டும், மவுண்ட் என்று ஒரு கட்டளை, மாட்டிவிட்டால் அந்த போல்டரில் எதைப் போட்டாலும் நேரே பென்டிரைவுக்குள் போகும். பென் என்றே ஒரு போல்டர் செய்து, கடையில் இருக்கிற ஒரே பென்டிரைவை, சித்தப்பா காரில் பாட்டுக் கேட்கிறதையே, நேற்று மாட்டினேன். இன்று காலை எம்வி அடித்தேன். எம்வி என்றால் இங்கிருந்து எடுத்து அங்கே போடு. காப்பி இல்லை, எடுத்துப் போடு. டிஸ்கில் இடமில்லை, ரெண்டு தடவை அடைக்காதே என்று சித்தப்பா கத்திக்கொண்டே இருப்பார், அதனால் எடுத்துப் போட்டேன். எண்டர் தட்டின விரல் எழும்புவதற்குள் முடிந்துவிட்டது. கோயில் பூசையிலிருந்து மண் போடுகிற வரைக்கும் முழு வீடியோ, விண்டோஸில் என்றால் அரை மணி நேரம் பச்சைக் கோடு ஊர்ந்திருக்கும், இங்கே கண் சிமிட்டுவதற்குள் காலி. நான் நாற்காலியைச் சுழற்றித் திரும்பி, "பாத்தியளா சித்தப்பா, லினக்ஸுனா இதுதான்" என்றேன். அவர் அப்போதுதான் வந்திருந்தார், ஒரு கையில் டீ பொட்டலம், இன்னொரு கையில் கேமரா பை, "மாத்தியாச்சா ஏட்டி? நெசமா மாத்தியாச்சா? அப்ப கார்டை அழிச்சிரட்டா?" என்று ரெண்டு தடவை கேட்டார். ரெண்டு தடவையும் ஆமாம் என்றேன். ரெண்டாவது தடவை கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னேன். கேமரா கார்டை அழித்து, அதையே கேமராவில் போட்டுக்கொண்டு புது வீட்டுப் பால்காய்ப்பு எடுக்கப் போய்விட்டார். இப்போது அந்தக் கார்டின் மேல் பால் பொங்கிக்கொண்டிருக்கும். எல்லோரும் கை தட்டிக்கொண்டிருப்பார்கள்.

பிரகாசியம்மா இருந்த இடத்தில் இப்போது யாரோ வீட்டுப் பால். போனை எடுத்துத் தேடுகிறேன், மடியில் வைத்து, அவருக்குத் தெரியாமல், லினக்ஸ் மூவ் பண்ணின பைலைக் காணோம். என்னை மாதிரியே ஒருத்தன் எங்கோ ஒரு நாட்டில் இங்கிலீஷில் அழுதிருக்கிறான். முதல் பதில், பேக்கப் இருக்கிறதா? இருந்தால் எதற்குடா அழுகிறான்? ரெண்டாவது பதில், மேனுவலைப் படி. மூன்றாவது ஆளும் நான்காவது ஆளும் இவனை விட்டுவிட்டு எந்த லினக்ஸ் உசத்தி என்று தங்களுக்குள் அடித்துக்கொள்கிறார்கள். அழுதவன் அதற்கப்புறம் வரவே இல்லை. அவனுக்குக் கிடைத்ததா இல்லையா, அதையாவது ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கலாம்லா. மூதேவி. கறுப்புத் திரைக்குத் திரும்பி, சிடி பென் என்று அடித்து அந்த போல்டருக்குள்ளேயே போகிறேன், சிடி என்றால் உள்ளே போ, வாசலில் நின்று பார்த்தால் தெரியாதது உள்ளே போனால் தெரியும் என்று ஒரு நப்பாசை. எல்எஸ். பாட்டு. எல்எஸ். பாட்டு. "சவமே" என்று வாயில் வந்துவிட்டது, சத்தமாகவே வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பஸ் வராவிட்டாலும் சவம், பேனா எழுதாவிட்டாலும் சவம், ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுகிற வார்த்தை, ஆனால் இவர் முன்னாலா? "என்ன மக்கா?" "இல்லண்ணே, கம்ப்யூட்டரச் சொன்னேன்." மூக்கால் சிரிக்கிறார். "எங்க அம்மை எங்கள அப்படித்தான் எழுப்புவா. எந்திச்சு வா சவமே, வெயிலு மேல ஏறியாச்சுன்னு. அவ வாயில பேரே வராது." நான் திரும்பவில்லை. திரும்பினால் என் மூஞ்சியில் எழுதி ஒட்டியிருக்கும்.

அடக்கத்தன்று நானும் போயிருந்தேன், சித்தப்பா கேமரா, நான் லைட். வெயில்தான், லைட் தேவையில்லை, ஆனாலும் பெட்டிக்குள் நிழல் விழும், முகம் தெரியாது, வெளிநாட்டில் இருப்பவர்கள் முகத்தைத்தான் முதலில் கேட்பார்கள் என்று சித்தப்பா சொன்னார். அதனால் தலைமாட்டில் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலித்தது. யாரோ வந்து அவள் தலைமுடியில் பூவைச் சரி பண்ணிவிட்டுப் போனார்கள், உயிரோடு இருப்பவளுக்குச் சரி பண்ணுவது போல, கொஞ்சம் பின்னால் தள்ளிப் பார்த்து, மறுபடி சரி பண்ணி. கன்னத்தில் ஒரு எறும்பு ஏறியது. துடைத்துவிடலாம் என்று பார்த்தால் லைட் ஆடும், லைட் ஆடினால் சித்தப்பா பல்லைக் கடிப்பார், அதனால் நான் வாயால் ஊதினேன். அதுகூட வீடியோவில் இருக்கும். இருந்தது. பெட்டிக்கு மேலே ஒருத்தர் போனை நீட்டிப் பிடித்திருந்தார், அதில் இந்தத் ததேயுஸ் அண்ணன் வரவேண்டும், கப்பலிலிருந்து, ஆனால் போனில் அவர் முகம் பாதி வாய் திறந்தபடி அப்படியே நின்றுபோனது, மேலே வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போன் பிடித்தவர், "ததேயு, தெரியுதாலே, அம்மையத் தெரியுதா?" என்று கத்தினார். தெரியவில்லை. பெட்டியை மூடும்வரை வட்டம் நிற்கவே இல்லை. அதனால்தான் இவர் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். இவர் பார்க்க மிச்சம் இருந்தது ஒன்றுதான், நான் லைட் பிடித்த அந்த ஒன்று, அதை நான்தான் எடுத்துப் போட்டேன், எங்கே போட்டேன் என்று தெரியாமல் போட்டேன்.

போன் அடிக்கிறது. சித்தப்பா. பின்னால் தவில் சத்தம். "ஏட்டி, அந்தக் கப்பல்காரரு வந்தாரா? குடுத்தாச்சா?" "குடுத்துட்டு இருக்கேன்." "குடுத்துட்டு இருக்கதுன்னா என்ன அர்த்தம்? குடு, இல்ல குடுக்காத." "வெய்யிங்க சித்தப்பா, வேல நடக்குதுல்லா." வைத்துவிட்டேன். இவரிடம் என்ன சொல்வது? அண்ணே, போச்சு. இவ்வளவுதானே, ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் இந்தக் கறுப்புத் திரையைப் பார்க்க வேண்டாம். நான் எதையும் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை, ஹெட்மாஸ்டரிடமே நேராகச் சொல்லிவிட்டு வந்தவள், ஆனால் இதைச் சொல்ல நாக்கு எழும்பவில்லை, ஏனென்றால் ஹெட்மாஸ்டரிடம் சொன்னபோது போனது என்னுடையது, இது என்னுடையது இல்லை. "பேன் சுவிட்சு எங்க இரிக்கு மக்கா? வெந்து போவோம் போல." "அந்த அருவி ஸ்கிரீனுக்குப் பின்னாடிண்ணே, தூக்கிட்டுப் போடுங்க." எழுந்து போகிறார். ஸ்டுடியோ சுவரில் மேலிருந்து கீழே தொங்குகிற ஸ்கிரீன், அருவி, பாறை, ரெண்டு மான், எங்கள் ஊர் முழுக்க இதன் முன்னால் நின்று போட்டோ எடுத்திருக்கிறது. அதன் ஓரத்தைப் பிடித்துச் சுருட்டித் தூக்குகிறார். பின்னால் சுவர். காரை பெயர்ந்த பச்சைச் சுவர், சுவிட்ச் போர்டு, போன வருஷத்துக் காலண்டர், கால் ஒடிந்த ஸ்டாண்டு, சித்தப்பா தேடிக்கொண்டே இருந்த ஒரு செருப்பு. "இதெல்லாம் இங்கதான் கெடக்கா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுவிட்சைப் போடுகிறார், ஸ்கிரீனை விடுகிறார், மறுபடி அருவி.

நான் அருவியையே பார்க்கிறேன். சுவர் எங்கேயும் போகவில்லை. இப்போது எல்எஸ் அடித்தால் அருவி, பாறை, மான் என்றுதான் வரும், சுவிட்ச் போர்டு வராது, ஆனால் சுவர் எங்கேயும் போகவில்லை. காலையில் சித்தப்பா காரில் வந்து இறங்கினாரே, பாட்டுப் போட்டுக்கொண்டுதானே வந்தார், தெருமுனையிலேயே கேட்டதே. காரில் பாட்டுப் பாடினால் பென்டிரைவ் காரில்தானே இருந்திருக்கும். ராத்திரி கம்ப்யூட்டரை அணைத்ததும் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார், என்னிடம் சொல்லாமல், எப்போது சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் நான் எம்வி அடிக்கும்போது பென் போல்டரின் மேல் ஒன்றுமே மாட்டியிருக்கவில்லை, அது வெறும் போல்டர், வெறும் சுவர். அதனால்தான் கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது. சவம், அவ்வளவு பெரிய வீடியோ எப்படி அவ்வளவு சீக்கிரம் போகும், அது எங்கேயும் போகவில்லை, அதே டிஸ்கில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது, நான் லினக்ஸ் வேகம் என்று நாற்காலியில் சுற்றியிருக்கிறேன். அப்புறம் இவர் வந்தார், பென்டிரைவ் மேஜையில் கிடந்தது, சித்தப்பா போகிற போக்கில் பிடுங்கி வீசிவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்து எடுத்துக் குத்தினேன், அதே போல்டரின் மேல் மாட்டினேன். அருவியை இறக்கிவிட்டேன். பிரகாசியம்மாவின் மேல் சித்தப்பாவின் பாட்டுகளைத் தொங்கவிட்டுவிட்டு, காணோம் காணோம் என்று அந்தப் பாட்டுகளையே எண்ணிக்கொண்டிருக்கிறேன். கழற்று. கழற்றுகிற கட்டளையை அடிக்கிறேன். பாஸ்வேர்டு கேட்கிறது, ஒரு புள்ளியும் விழாமல் அடிக்கிறேன். டார்கெட் இஸ் பிசி. என்னது? பிசியாம். யாரோ அதை உபயோகித்துக்கொண்டிருக்கிறார்களாம், கழற்ற முடியாதாம். யாருடா உபயோகிக்கிறது, கடையில் நானும் இவரும்தான் இருக்கிறோம். மறுபடி அடிக்கிறேன். பிசி. பென்டிரைவை அப்படியே பிடுங்கிவிடலாமா, பிடுங்கினால் உள்ளே எதுவும் கெட்டுப்போகுமா, ஆப் பண்ணி ஆன் பண்ணலாமா, ஆன் ஆகாவிட்டால்? "கார்க்காரன் பொறப்பட்டாச்சாம் மக்கா" என்கிறார். "இப்ப முடிஞ்சிரும்ணே" என்கிறேன், குரல் எனக்கே கீச்சென்று கேட்கிறது. யார், யார் உள்ளே நிற்பது. திரையில் வரியின் தலையில் சின்னதாக ஒரு வார்த்தை நிற்கிறது, நான் அடிக்கிற ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நின்றுகொண்டே இருந்திருக்கிறது, நான்தான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பென். நான் நிற்கிற இடம். சிடி அடித்து உள்ளே போனேனே, வெளியே வரவே இல்லை. நான்தான். பாயின் மேல் நின்றுகொண்டு பாயைச் சுருட்டுகிறேன், சுருட்ட வரவில்லை என்று பாயைத் திட்டுகிறேன். இதை மொதல்லயே சொன்னால் என்ன, பிசி பிசி என்றால் யாருக்குத் தெரியும், நீதாண்டி நிற்கிறாய், நகரு என்று சொன்னால் வாய் வலிக்குமா.

சிடி, பின்னால் எந்தப் பேரும் போடாமல் வெறும் சிடி. எண்டர். வெளியே வந்துவிட்டேன். கழற்று என்கிறேன். ஒன்றும் சொல்லவில்லை, கோடு மட்டும் மினுக்குகிறது, இந்தச் சனியன் ஒன்றும் சொல்லாவிட்டால் நடந்துவிட்டது என்று அர்த்தம். எல்எஸ் பென். அடிக்க விரல் வரவில்லை. அடித்தேன். பிரகாசியம்மா அடக்கம் என்று நான் பேர் வைத்த போல்டர், அதற்குள் கேமரா தானாகப் போட்ட நம்பர்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக, பூசை, ஊர்வலம், கல்லறை, எறும்பு. மேஜையில் தலையை வைத்துக்கொண்டேன். கீபோர்டில் நெற்றி பட்டு ஏதோ எழுத்துகள் ஓடுகின்றன, ஓடட்டும். "இரிக்கா?" என்று கேட்கிறார். முடிஞ்சுதா என்று கேட்கவில்லை, இரிக்கா என்கிறார். திரும்பினேன். "இரிக்குண்ணே. இவ்வளவு நேரம் காணோம். காப்பி ஆவுதுன்னு சொன்னது பொய். நான் தொலைச்சிட்டேன்னு நெனச்சேன்." கத்துவார் என்று பார்த்தேன். பேன் காற்றில் அருவி ஆடுகிறது, அதைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார், "நீ கீபோர்டைத் தட்டின தட்டுல எனக்குத் தெரிஞ்சிச்சு. இல்லன்னு சொல்லிருவியோன்னு இருந்தேன். சொன்னாத் தேவலன்னும் இருந்துச்சு மக்கா." "எதுக்கு?" "கப்பலுக்குப் போயிட்டா அங்க எனக்கு எதுவும் மாறல. ஊர்ல அம்மை இருக்கா, நான் இங்க இருக்கேன், அவ்வளவுதான். இதப் பாத்துட்டா அப்புறம் அப்படி இருக்க முடியாதுல்லா." நான் இங்கே உட்கார்ந்து உயிர் போய்க்கொண்டிருந்தேன், இவர் பின்னால் உட்கார்ந்து இல்லாமல் போகட்டும் என்று இருந்திருக்கிறார், இதை வந்தவுடனே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன. "அப்ப வேண்டாமா?" என்று கேட்டுவிட்டேன், எரிச்சல் தாங்காமல். "ஏய், வேணும்" என்று நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார், "வேணாம்னு நான் எப்ப சொன்னேன்?"

இந்தத் தடவை பென்டிரைவை வேறு ஒரு காலி போல்டரில் மாட்டினேன், மாட்டியிருக்கிறதா என்று கேட்டு, பாட்டுகள் தெரிகின்றனவா என்று பார்த்து, இடமிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, சிபி அடித்தேன். எடுத்துப் போடு இல்லை, காப்பி. சித்தப்பா டிஸ்க் நிறைந்தால் நிறையட்டும். எண்டர் தட்டியதும் கோடு கீழே இறங்கி அப்படியே நின்றுவிட்டது, பச்சைக் கோடும் இல்லை, எவ்வளவு மிச்சம் என்றும் இல்லை, ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று. "எவ்வளவு நேரமாவும்?" "தெரியாதுண்ணே. நெசமாவே போனா நேரமாவும்." "போவுதான்னு எப்படித் தெரியும்?" நல்ல கேள்வி, அதையேதான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன், சிபியூவில் குத்தியிருந்த பென்டிரைவின் நுனியில் ஒரு சிவப்பு லைட் நின்று நின்று மினுங்கியது. "இன்னா பாருங்க, இதுலதான் தெரியும்" என்றேன். அவர் வேட்டியை மடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் குத்தவைத்தார். மேஜைக்கு அடியில் ஒட்டடையும் வயரும் தூசியும், அதற்கு நடுவில் அந்தச் சின்ன லைட், மினுங்கியது, நின்றது, நின்ற ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு நின்றது, மறுபடி மினுங்கியது. "இப்ப எங்க வந்திருக்கும்?" என்று கேட்டார். "பூசை முடிஞ்சிருக்கும். தூக்கிட்டு நடப்பாங்க." "நீயும் போயிருந்தியா?" "லைட்டு பிடிச்சேன்." கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார், முட்டி வலித்திருக்கும், ஆனாலும் எழுந்திருக்கவில்லை. வெளியே கார் வந்து நின்று ஹாரன் அடித்தது, மறுபடி அடித்தது, விடாமல் அடித்தது. அவர் லைட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் வாசலைப் பார்த்துக் கத்தினார், "இருலே சவமே, அம்மை வந்துட்டு இருக்கா."